மணலும் பெஞ்சியும் பாயும்

பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தை எழுதுவோர், ஆசிரியரையும் பாடத்தையும் பற்றி விஸ்தாரமாகக் கூறிவிட்டு, பிள்ளைகள் எதன்மேல் உட்கார்ந்து எதில் எழுதினார்கள் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர் பலர் குடியேறிய பம்பாயின் தாராவியிலும், அதனை அடுத்த மாட்டுங்கா லேபர் கேம்பிலும், ஒரு குடும்பம் முழுவதும் ஓர் அறைக்குள் வாழ நேர்ந்தபடியால், உட்கார இடம் எங்கே என்பதே கல்வியின் முதற் கேள்வியாயிற்று. 1940-களில் அந்தக் கேம்பில் வசித்த மராட்டிய எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே பள்ளியில் பயின்றது ஒன்றரை நாளே என்பது பிரசித்தம்.

நம் திண்ணைப் பள்ளிக்கு மணலும் ஓலையும் எழுத்தாணியும் போதுமாயிருந்தன. 1789-ல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் கைக்கொண்டு, 1797-ல் லண்டனில் நூலாகவும் வெளியிட, ஆங்கிலேய ஆசிரியர் ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளில் அது மணல் பரப்பிய மேஜையாக உருவெடுத்தது. ஆனால், பிற்பாடு சீமையிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை வரிசை வரிசையான பெஞ்சிகளே. விசாலமான கூடங்களுக்கு ஏற்ற அவை, சிற்றறையில் தரையை அடைத்துக்கொண்டு பிள்ளைகளை ஓரத்துக்குத் தள்ளின.

குழந்தையின் அளவுக்கு நாற்காலி செய்யும் எண்ணம் பிரபலமானதும் ஒரு தொழிலாளர் குடியிருப்பிலிருந்துதான். ரோமாபுரியின் சான் லொரென்ஸோ பகுதியில் 1907-ல் பாலர் இல்லம் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அம்முறையின் உபகரணங்கள் ஏழைகளுக்கு எட்டாதவை என்பதை உணர்ந்த கல்வியாளர் தாராபாய் மோடக், 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி கிராமத்தில் பாலர் பள்ளி தொடங்கி, கூழாங்கல், விதை, இலை ஆகியவற்றையே சாதனங்களாக்கினார்.

பம்பாய் நகரசபை தமிழ் உட்படப் பல மொழிகளில் பள்ளிகள் நடத்தியும், சேரிக் குழந்தைகள் அநேகர் அவற்றுக்கு வெளியிலேயே நின்றனர். 1990-களின் மத்தியில் தோன்றிய பிரதம் என்னும் கல்வித் தொண்டு ஸ்தாபனம், கட்டடத்துக்காகக் காத்திராமல், வீட்டுக் கூடங்களிலும் கோயில்களிலும் பாய் விரித்துப் பால்வாடிகளை நடத்தியது. திண்ணையின் தத்துவமே அதில் மறுபிறவி எடுத்தது.

இன்று தாராவியைப் புதுப்பித்துக் கட்ட வரைபடம் தீட்டுவோர், பள்ளி அறைக்கு எத்தனை மேஜை என்று கணக்கிடுமுன், ஒரு பிள்ளைக்கு எத்தனை சதுர அடி வெறுந்தரை மிஞ்சும் என்று அளந்து பார்ப்பார்களாக.