கண்ணாடிச் சீட்டும் வில்லைச் சீட்டும்

1306ஆம் ஆண்டு மாசி மாதத்தில் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரிலே ஜோர்டானோ என்னும் துறவியார் ஒருவர் மக்களுக்குப் பிரசங்கம் செய்தார். மனிதன் கண்டறிய வேண்டிய கலைகள் இன்னும் முடிந்துவிடவில்லை என்று கூறிய அவர், அதற்குச் சான்றாக மூக்குக் கண்ணாடியைக் காட்டினார். அக்கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பது அவர் வாக்கு. அன்றிலிருந்து ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகளாகப் பார்வைக் குறைவுக்கு மனிதன் அறிந்த துணை, கண்ணுக்குச் சற்று முன்னே நிற்கும் கண்ணாடி ஒன்றேயாகும்.

அந்தக் கண்ணாடி கண்ணைத் தொடுவதில்லை. கண்ணுக்கும் அதற்கும் இடையே சுமார் 12 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது. இச்சிறிய இடைவெளியை நீக்கி, வில்லையைக் கண்ணின் மேலேயே அமர்த்தினால் என்ன என்று எண்ணியவர்களின் முயற்சியே, இன்று ‘கொன்டாக்ட் லென்ஸ்’ என வழங்கும் தொடுவில்லையாக வளர்ந்தது. இடைவெளிதானே நீங்கியது, பழைய கண்ணாடிச் சீட்டிலே மருத்துவர் எழுதிய எண்ணைக் கொண்டே தொடுவில்லையையும் வாங்கிவிடலாமே என்று எண்ணுவோர் இன்றும் பலர். அவ்வாறு வாங்குதல் ஏன் தவறாகும் என்பதைத் தொடுவில்லையின் வரலாறே தெளிவாக எடுத்துரைக்கிறது.

கருவிழியின் முன்னே, கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடிபோல வளைந்து தெளிவாக இருக்கும் படலத்தை விழிவெண்படலம் என்பர். கண்ணுக்குள் புகும் ஒளியை மிகுதியாக வளைப்பது இப்படலமே. 1637ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்காட், நீர் நிரப்பிய குழாயொன்றைக் கண்ணோடு பொருத்தும் முறையைத் தம் ஒளியியல் நூலில் விவரித்தார். ஆங்கில அறிஞர் தோமஸ் யங், நீர் நிரப்பிய சிறு குழாய் ஒன்றைத் தம் கண்மீதே வைத்துச் சோதித்து, அதன் முடிவுகளை 1801இல் வெளியிட்டார். இவ்விருவர் முறையிலும் குழாயைப் பொருத்திய பின் கண்ணை இமைத்தல் இயலாது. எனினும், விழிவெண்படலத்தோடு நீர் சேரும்போது அப்படலத்தின் ஒளி வளைக்கும் ஆற்றல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்பதை யங் தம் சோதனையிலே நன்கு பயன்படுத்தினார். வானநூல் அறிஞர் ஜோன் ஹேர்ஷல், 1845இல் வெளிவந்த தம் கட்டுரையில், கண்ணின் வடிவத்தையே அச்செடுத்து அதற்கேற்ற கண்ணாடி செய்யலாம் என்ற கருத்தைக் குறிப்பிட்டார்.

இக்கருத்தைச் செயலாக்கியவர்களுள் முதன்மையானவர் சூரிச் நகரில் பணியாற்றிய மருத்துவர் அடோல்ப் பிக். 1888ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையிலேதான் ‘தொடு கண்ணாடி’ என்று பொருள்படும் ஜேர்மன் பெயர் தோன்றியது. முதலில் முயல்களின் கண்களிலும், பின்னர் தம் சொந்தக் கண்ணிலும், அதன் பின்னரே நோயாளர் கண்களிலும் அவர் அதனைச் சோதித்தார். கண்ணின் வெள்ளைப் பகுதிவரை மூடும் அப்பெரிய கண்ணாடிக் கிண்ணத்துக்கும் விழிக்கும் இடையே திராட்சைச் சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். சிறிது நேரத்தில் பார்வையிலே புகை படிந்தாற்போன்ற மங்கல் தோன்றியதையும் அவர் குறித்து வைத்தார்.

அடுத்த ஆண்டில், அதாவது 1889இல், ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஓகஸ்ட் முல்லர் தம் பட்ட ஆய்வாக இதே பொருளை எடுத்துக்கொண்டார். இது அவருக்கு வெறும் ஏட்டுப் படிப்பன்று. அவருடைய குறும்பார்வையின் அளவு சுமார் 14 தயொத்தர். தம் கண்ணுக்கெனக் கடைந்த கண்ணாடி வில்லையைத் தாமே அணிந்து பார்த்தார். கொக்கெயின் மருந்தினால் கண்ணை மரக்கச் செய்தும் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. பின்னாளில் அவர் கண் மருத்துவத்தை விட்டு எலும்பு மருத்துவத் துறைக்குச் சென்றுவிட்டார். பார்வையைத் திருத்தும் எண் ஒன்று மட்டும் போதாது, கண் அவ்வில்லையை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும் என்ற பாடத்தை அவர் தம் கண் நோவினாலே கற்றார்.

முல்லரின் அந்த 14 என்னும் எண்ணையே கொண்டு முதலாவது வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தயொத்தர் என்னும் அளவை 1872இல் பிரெஞ்சு மருத்துவர் மொனுவாயே வகுத்தார். ஒரு மீற்றர் குவியத்தூரம் உள்ள வில்லையின் வலு ஒரு தயொத்தர். வலு கூடக் கூடக் குவியத்தூரம் குறையும். 14 தயொத்தர் குழிவில்லையின் குவியம் அதற்கு முன்னே சுமார் 71 மில்லிமீற்றர் தொலைவில் உள்ளது. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்பதால், கண்ணிலிருந்து அக்குவியத்தின் தொலைவு 83 மில்லிமீற்றர். ஆகவே கண்ணின் மேலேயே அமரும் வில்லைக்கு 83 மில்லிமீற்றர் குவியத்தூரம் வேண்டும். அதன் வலுவோ 12 தயொத்தர் மட்டுமே.

குவிவில்லைக்கு இக்கணக்கு நேர்மாறாகும். கண்புரை நீக்கப்பட்டு, உள்ளே செயற்கை வில்லை வைக்கப்படாத ஒருவர் 12 தயொத்தர் குவிவில்லைக் கண்ணாடி அணிவாராயின், அதே பார்வையைப் பெற அவருக்கு 14 தயொத்தர் தொடுவில்லை தேவைப்படும். குறும்பார்வையருக்கு எண் குறைகிறது; குவிவில்லை வேண்டுவோருக்கு எண் கூடுகிறது. 4 தயொத்தருக்கு உட்பட்ட கண்ணாடிகளில் இவ்வேறுபாடு கால் தயொத்தருக்கும் குறைவாகையால் பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. இரு சீட்டுகளிலும் ஒரே எண்ணைக் காணும் சிலர் இரண்டும் ஒன்றே என மயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வேறுபாடு வளைவைப் பற்றியது. மூக்கிலும் காதிலும் நிற்கும் கண்ணாடிக்கு விழிவெண்படலத்தின் வளைவு தேவையில்லை. அதன் மேலேயே அமரும் வில்லைக்கோ அவ்வளவின்றி ஒன்றும் நடவாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850களில் அமைத்த அளவைக் கருவியை, 1881இல் பாரிஸ் நகரில் ஜவால், ஷோட்ஸ் என்னும் இருவர் மருத்துவருக்கு எளிதாகப் பயன்படும்படி திருத்தினர். இவ்வளவினால், விழிவெண்படலத்தின் வளைவு ஆரை சராசரியாக 7.8 மில்லிமீற்றர் எனவும், அது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது எனவும் தெரியவருகிறது. 1948இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த கெவின் டூயி, வெள்ளை விழியை மூடாது விழிவெண்படலத்தின் மேல் மட்டும் தங்கும் சிறிய பிளாஸ்டிக் வில்லைக்கு உரிமைப் பத்திரம் கோரினார். அத்தகைய சிறு வில்லைக்கு வளைவும் விட்டமும் மிகவும் நுண்ணியதாகப் பொருந்தவேண்டும். இறுக்கமாக அமர்ந்தால் கண்ணீரின் ஓட்டம் தடைப்படும். தளர்ந்து அமர்ந்தால் இமைக்குந்தோறும் வழுகி உராயும்.

மூன்றாவது வேறுபாட்டுக்குக் காரணம் கண்ணீர். விழிவெண்படலம் ஒரு திசையில் ஒருவகையாகவும் குறுக்குத் திசையில் வேறுவகையாகவும் வளைந்திருத்தல் ஒரு குறை. 1825இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோர்ஜ் எயரி, தம் இடக்கண்ணில் இருந்த இக்குறையை உருளை வில்லையினால் திருத்திய விதத்தை எடுத்துரைத்தார். இன்றும் கண்ணாடிச் சீட்டில் உருளை வலுவும் அதன் அச்சுக் கோணமும் எழுதப்படுகின்றன. ஆனால் வன்மையான தொடுவில்லையை அணியும்போது, அதற்கும் விழிக்கும் இடையே நிற்கும் கண்ணீரே மேடுபள்ளங்களை நிரவிவிடுகிறது. குறை விழிவெண்படலத்தின் வளைவினால் மட்டும் உண்டானதாயின் பல வேளைகளில் உருளை வலு வேண்டப்படுவதேயில்லை. மென்மையான வில்லையோ விழியின் வடிவத்துக்கே வளைந்து கொடுப்பதால், அதற்கு உருளை வலுவும், அது சுழலாது நிற்கத் தக்க அமைப்பும் வேண்டியிருக்கின்றன.

நான்காவது வேறுபாடு மூச்சைப் பற்றியது. விழிவெண்படலத்திலே இரத்தக் குழாய்கள் இல்லை. விழித்திருக்கும் வேளையில் அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரிதும் காற்றிலிருந்தே கண்ணீர் வழியாகப் பெறுகிறது. பிக் கண்ட மங்கலின் பின்னணியில் இவ்வுண்மையே இருந்தது. ஒட்சிசனைப் புகவிடாத பிளாஸ்டிக் வில்லையின் கீழே, இமைக்குந்தோறும் புதுக் கண்ணீர் புகுந்தால்தான் கண் நலமாயிருக்கும். செக்கோசிலோவாக்கிய வேதியியலறிஞர் ஒட்டோ விக்தர்லே, நீரை உறிஞ்சி மென்மையாகும் பொருளொன்றைத் துணைவர் லிம்முடன் ஆராய்ந்தார். அலுவல்முறை ஆதரவு நின்றுபோகவே, 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், பிராக் நகரிலிருந்த தம் வீட்டிலே, பிள்ளைகள் விளையாடும் கட்டடத் துண்டுகளையும் துவிச்சக்கர வண்டியின் மின்பிறப்பாக்கியையும் கொண்டு செய்த பொறியினால் நான்கு மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971இல் அமெரிக்க அரசு மென்வில்லைகளின் விற்பனைக்கு அனுமதியளித்தது. 1999ஆம் ஆண்டளவில் ஒட்சிசனை மிகுதியாகப் புகவிடும் சிலிக்கோன் கலந்த வில்லைகள் வந்தன. ஆதலின், வில்லை எப்பொருளால் ஆனது, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அணியலாம், எப்போது மாற்றவேண்டும் என்பனவும் மருத்துவர் விதிக்கவேண்டியவையாயின.

இவ்வாறாக, கண்ணாடிச் சீட்டு வலு, உருளை வலு, அச்சு, இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தூரம் என்பவற்றைச் சொல்லி நின்றுவிடுகிறது. வில்லைச் சீட்டு இடைவெளிக்கேற்பத் திருத்திய வலுவோடு, வளைவு ஆரை, விட்டம், பொருள், வில்லையின் பெயர், மாற்றவேண்டிய காலம் என்பவற்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. வில்லையைக் கண்ணில் வைத்து, அது அசையும் விதத்தைப் பார்த்த பின்னரே அச்சீட்டு முற்றுப்பெறும். முன்னது பார்வையின் கணக்கு. பின்னது பார்வையின் கணக்கோடு உயிருள்ள படலமொன்றின் நலனையும் சேர்த்து எழுதுவது.

பொருந்தாத கண்ணாடி தலைவலியைத் தரலாம். கழற்றி வைத்தால் அது தீர்ந்துவிடும். பொருந்தாத தொடுவில்லையோ விழிவெண்படலத்தைக் கீறிப் புண்ணாக்கி, கிருமி புக வழி திறந்து, ஆறினாலும் மறையாத வெண்தழும்பை விட்டுச் செல்லக்கூடும். முல்லர் தம் கண்ணில் அரை மணி நேரம் தாங்கிய நோவின் பயனை இன்று எவரும் நோவின்றிப் பெறலாம். அதற்குக் கண்ணாடிச் சீட்டைக் கொண்டு வில்லை வாங்காது, தொடுவில்லைக்கெனத் தனியே கண்ணை அளந்து எழுதும் சீட்டைக் கேட்டுப் பெறுதலே செய்யத்தக்கது.