வெண்பனிச் சாலையில் கார்கள்

ஒரு காரை ஓடச் செய்வது எஞ்சின் என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. வண்டியை முன்னே தள்ளுவதோ டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு விசை. டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. சாலை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. உராய்வு குறைந்தால் எவ்வளவு வலிய எஞ்சினும் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றும். சேற்றில் சிக்கிய லாரியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுவீடன், பின்லாந்து, வட ஜப்பான் போன்ற இடங்களில் குளிர்காலம் முழுவதும் இந்தச் சிக்கல்தான். அதை வெல்லப் பொறியாளர்கள் செய்த முயற்சிகளின் வரலாறு சுவையானது.

எடை எந்தச் சக்கரத்தின் மேல்?

காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7. இறுகிய வெண்பனியில் அது 0.2 அளவுக்கு இறங்கிவிடும். வழவழப்பான பனிக்கட்டியில் 0.1 தான் இருக்கும். பனிக்கட்டி உருகும் நிலையை நெருங்கும்போது மேலும் வழுக்கும். கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாள்தான் ஓட்டுநருக்கு ஆபத்தானது.

உராய்வு விசையைக் கணக்கிட, குணகத்தைச் சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையால் பெருக்க வேண்டும். ஆகவே, எஞ்சின் சுழற்றும் சக்கரங்களின் மேல் வண்டியின் எடையில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதே முக்கியக் கேள்வி.

பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் முன்னால். சுழலும் சக்கரங்கள் பின்னால். பின்சக்கரங்களின் மேல் எடையில் பாதியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். 45 சதவீதம் என்று கொள்வோம். வெண்பனியில் இவ்வண்டி 100 மீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டர் உயரும் சரிவில்தான் ஏற முடியும். குளிர்காலத்தில் இவ்வகைக் கார்களின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றி வைப்பது அதனால்தான்.

எஞ்சினும் சுழலும் சக்கரமும் ஒரே பக்கத்தில் இருந்தால் இக்குறை தீரும். இதற்கு இரண்டு வழிகள் தோன்றின. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 'பீட்டில்' எஞ்சினைப் பின்னால் கொண்டுபோயிற்று. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1934-இல் முன்சக்கரங்களைச் சுழற்றும் காரைப் பெருமளவில் செய்தது. சுவீடனில் விமானம் கட்டிவந்த சாப் நிறுவனமும் 1949-இல் தன் முதல் காருக்கு முன்சக்கர இயக்கத்தையே தேர்ந்தது. இரு வழிகளிலும் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் சுழலும் சக்கரங்களின் மேல் நின்றது.

ஆயினும் இரண்டின் குணமும் ஒன்றல்ல. மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாய்வதால் பின் எஞ்சின் காருக்குப் பிடிப்பு கூடும். ஆனால் வளைவில் வேகம் மிஞ்சினால் கனமான பின்பகுதி சுழன்று வண்டி திரும்பிக்கொள்ளும். முன்சக்கர இயக்கமுள்ள காரோ வளையாமல் நேரே வழுக்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பழகாத கைக்கு இதுவே பாதுகாப்பு.

மான்டி கார்லோ என்ற தேர்வுக்கூடம்

ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் ஜனவரி மாதத்தில் நடைபெறும் மான்டி கார்லோ பந்தயம் இவ்வகைகளுக்கெல்லாம் ஒரு தேர்வுக்கூடமாயிற்று. 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எரிக் கார்ல்சன் ஓட்டிய சிறிய சாப் கார் வென்றது. 1964-இல் பாடி ஹாப்கிர்க் 'மினி' காரில் வெற்றி பெற்றார். இரண்டும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. 1968 முதல் 1970 வரை பின் எஞ்சின் கொண்ட போர்ஷே 911 வென்றது. தேர்ந்த கையில் இரு வழிகளும் பயன்தரும் என்பது விளங்கிற்று.

நான்கு சக்கரங்களும் சுழன்றால்?

அப்போது முழு எடையும் பயன்படும். முன்சொன்ன சரிவுக் கணக்கில் 9 என்பது 20 ஆகிவிடும். ஜீப்புக்கு முன்பே இருந்த இந்த வசதி, சாதாரணக் காருக்கு மெல்லத்தான் வந்தது. 1966-இல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப் நான்கு சக்கர இயக்கத்தோடு வந்தது. விலை மிகுதியால் சில நூறு வண்டிகளே விற்றன. ஜப்பானில் தொஹொகு மின்சார நிறுவனத்துக்குப் பனி மலைகளில் மின்கம்பிகளைப் பராமரிக்கக் குளிர் தாங்கும் வசதியான வண்டி தேவைப்பட்டது. அதன் வேண்டுகோளிலிருந்து சுபாருவின் நான்கு சக்கர இயக்கக் கார் பிறந்து, 1972-இல் விற்பனைக்கு வந்தது. 1977-இல் பின்லாந்தில் நடந்த சோதனையில், 75 குதிரைத்திறன் கொண்ட 'இல்டிஸ்' ஜீப் தம் வலிய முன்சக்கரக் கார்களை விஞ்சியதை ஆடி நிறுவனப் பொறியாளர்கள் கண்டனர். அதன் விளைவே 1980-இல் வெளிவந்த 'குவாட்ரோ'. மறு ஆண்டே அது சுவீடனின் பனிப் பந்தயத்தை வென்றது.

நிற்பது எப்படி?

இங்கே ஓர் உண்மையை மறக்கலாகாது. வண்டியைக் கிளப்பச் சிலவற்றில் இரண்டு சக்கரங்கள் உழைக்கின்றன. நிறுத்தவோ எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டு. ஆகவே நிறுத்துவதில் நான்கு சக்கர இயக்கத்துக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை, குணகம், புவியீர்ப்பு முடுக்கம், 2 ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் நிற்கும் தொலைவு கிடைக்கும். காய்ந்த சாலையில் 14 மீட்டர். வெண்பனியில் 50 மீட்டர். பனிக்கட்டியில் 100 மீட்டர்! இக்கணக்கில் வண்டியின் எடையும் இல்லை. எத்தனை சக்கரங்களை எஞ்சின் சுழற்றுகிறது என்பதும் இல்லை. எளிதாகக் கிளம்பிய வண்டி எளிதாக நிற்கும் என்று நம்பி வேகமாகச் செல்பவர் குறுக்கே வரும் சிறுவனைக் கண்டு பிரேக்கை மிதிக்கும்போதுதான் இந்த வேறுபாட்டை உணர்வார்.

1978-இல் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கை அறிமுகப்படுத்தியது. பிரேக் போடும்போதும் வண்டியைத் திருப்ப இது உதவுகிறது. உராய்வையே கூட்டுவது டயர் ஒன்றுதான். கோடை டயரின் ரப்பர் குளிரில் இறுகிப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயர் மென்மையாகவே இருக்கும். பின்லாந்தின் நோக்கியா நகரத் தொழிற்சாலை 1934-லேயே இத்தகைய டயரைச் செய்தது. சுவீடன் 1999-இல் சட்டத்தின் மூலம் இதைக் கட்டாயமாக்கியது. சட்டம் பேசுவது டயரைப் பற்றித்தான். எஞ்சின் முன்னால் இருக்கவேண்டுமா, பின்னால் இருக்கவேண்டுமா என்பதைப் பற்றியன்று.

மாணவர்கள் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காரணம் தானே விளங்கும்.