புண்ணாக்கு போன இரண்டு வழிகள்

எங்கள் கல்லூரி விடுதியில் புதன்கிழமை இரவுகளில் ‘மீல் மேக்கர்’ குழம்பு வைப்பது வழக்கம். சென்ற பருவத்தில் ஒருநாள், வெப்ப இயக்கவியல் பாடம் முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, “சார், மீல் மேக்கர் எந்தச் செடியில் காய்க்கிறது?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், சிரித்தவர்களில் விடை சொல்ல எழுந்தவர் ஒருவருமில்லை.

அது எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. சோயா மொச்சையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் புண்ணாக்குதான் அது. ‘மீல் மேக்கர்’ என்பது ஒரு வணிகப் பெயர். நகல் எடுப்பதை ‘ஜெராக்ஸ்’ என்று சொல்வதுபோல, தமிழ்நாட்டில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது.

புண்ணாக்கு என்றதும் முகம் சுளிக்கிறோம். நம் ஊரில் அது ஒரு வசவுச் சொல்லும்கூட. ஆனால் கொங்கு நாட்டு உழவர்கள் அதை ஒருநாளும் இழிவாக எண்ணியதில்லை. செக்கிலே கடலை ஆட்டி, எண்ணெயை வீட்டுக்கும் புண்ணாக்கை எருதுக்கும் பசுவுக்கும் பங்கிட்டார்கள். எண்ணெய் நீங்கிய நிலக்கடலைப் புண்ணாக்கின் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். பருப்புகளில் இருப்பதோ நான்கில் ஒரு பங்கு அளவே. அப்படியானால் இத்தனை புரதத்தை மாட்டுக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

நாடு விடுதலை பெற்ற காலத்தில், உணவுப் பஞ்சத்தின் நடுவே, இந்தக் கேள்வியை அறிவியலார் எழுப்பினர். அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த உயிர்வேதியியலார் ஹென்றி போர்சூக், 1940களில் சோயாப் புண்ணாக்கிலிருந்து ‘பல்நோக்கு உணவு’ ஒன்றைத் தயாரித்திருந்தார். 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். அங்கிருந்தவர்கள் போர்சூக்கின் கருத்தை நம் மண்ணுக்கேற்ப மாற்றினார்கள். சோயா இங்கே விளையவில்லை, கடலையோ மலிந்திருந்தது. ஆகவே நிலக்கடலைப் புண்ணாக்கு மாவு முக்கால் பங்கு, கொண்டைக்கடலை மாவு கால் பங்கு எனச் சேர்த்து, வைட்டமின்களும் தாது உப்புகளும் கலந்து, ‘இந்தியப் பல்நோக்கு உணவு’ பிறந்தது.

அது பரவலாக நிலைபெறவில்லை. ஒரு காரணம் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரப்பதத்தோடு மூட்டை கட்டிய கடலை எதிலும் அது வளரக்கூடும். மற்றொரு காரணமும் உண்டு என்பது என் எண்ணம். ஏழைக்கென்றே தனியாகச் செய்து, ‘உனக்கு இது நல்லது’ என்று நீட்டப்படும் உணவை ஏழையும் விரும்புவதில்லை.

அடுத்துச் சோயாவின் கதை. 1935இல் வார்தாவில், ஜே. சி. குமரப்பா அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திவந்த மகன்வாடியில், காந்தியடிகள் அங்கிருந்தோருக்குச் சோயாவைச் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார். ‘ஹரிஜன்’ இதழில் அதைப்பற்றி எழுதவும் செய்தார். ஆயினும் அது வயலுக்கு வர மேலும் முப்பதாண்டுகள் ஆயின. 1960களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஆய்வு நடத்தின. 1967இல் அகில இந்திய ஒருங்கிணைந்த சோயா ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தின் மால்வாப் பகுதியில் கரிசல் நிலங்கள் மழைக்காலத்தில் தரிசாகவே கிடந்தன. அந்த இடைவெளியில் சோயா புகுந்தது. இன்று நாட்டில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் அது பயிராகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ‘கோ 1’ முதலிய இரகங்களை வெளியிட்டது. பொள்ளாச்சிக்கு அருகே சக்தி குழுமம் சோயா ஆலையே நிறுவியது. ஆனாலும் கொங்கு உழவர் சோயாவின் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

புண்ணாக்கு இறைச்சித் துண்டுபோல் ஆவது எப்படி? இயற்பியல் ஆசிரியன் இங்கே சற்று நிற்காமல் போக முடியாது. எண்ணெய் நீக்கிய சோயா மாவில் நீர் தெளித்து, ஓர் உருளைக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே சுழலும் திருகு அதைப் பிசைந்து, நெருக்கி, முன்னே தள்ளுகிறது. வெப்பநிலை 140 செல்சியசைத் தாண்டுகிறது. அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் கொதிப்பதில்லை. பிரஷர் குக்கரில் 100 பாகைக்கு மேலும் நீர் நீராகவே இருப்பது போலத்தான். சுருண்டு கிடந்த புரத மூலக்கூறுகள் இவ்வெப்பத்தில் அவிழ்ந்து, மாவு ஓடும் திசையில் நீண்டு, ஒன்றோடொன்று பிணைந்து நார்களாகின்றன. சிறு துளை வழியே மாவு வெளியே வரும் நொடியில் அழுத்தம் சட்டென்று குறைய, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கிறது. துண்டு உப்பிப் பஞ்சாகிறது. சூடான மணலில் அரிசி பொரிவதும் இதே தத்துவந்தான். நம் பொரி வறுப்பவர்கள் எந்தக் காப்புரிமையும் கேட்டதில்லை! அமெரிக்காவில் 1960களில் உருவான இம்முறையே பின்னர் இங்கும் வந்தது.

ஆனால் சோயாப் புண்ணாக்கின் பெரும்பகுதி இந்த உருளைக்குள் போகவில்லை. முதலில் கப்பலேறி அயல்நாட்டுக் கால்நடைகளுக்குத் தீவனமாயிற்று. பிறகு நம் நாட்டிலேயே கோழிப் பண்ணைகள் பெருகின. நாமக்கல்லில் முட்டைக் கோழிகள். பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிகள். 1990களில் குஞ்சும் தீவனமும் நிறுவனம் தர, வளர்ப்புக் கூலி உழவர் பெறும் ஒப்பந்த முறை இங்கே வேரூன்றியது. மழை மறைவுப் பகுதியில், வற்றிய கிணற்றை வைத்துக்கொண்டு தவித்த குடும்பங்களுக்குக் கோழிக் கொட்டகை மாதச் சம்பளம் போல் உதவியது. இதை மறந்துவிட்டுக் கோழியைக் குறைகூறுவது நியாயமன்று. ஆனால் அந்தக் கொட்டகைக்கு வேண்டிய மக்காச்சோளமும் சோயாவும் பெரிதும் வெளியிலிருந்தே வருகின்றன. 2021இல் சோயாப் புண்ணாக்கின் விலை ஏறியபோது, 12 இலட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதிக்க நேர்ந்தது.

இனி ஒரு சிறு கணக்கு. 200 கிராம் மீல் மேக்கரில் சுமார் 100 கிராம் புரதம் உள்ளது. அதே 100 கிராம் புரதம் வேண்டுமானால், எலும்பில்லாத கோழிக்கறி அரைக் கிலோ தேவை. அதற்கு உயிருடன் ஒரு கிலோ எடையுள்ள கோழி வேண்டும். அக்கோழி தின்ற தீவனம் ஏறக்குறைய 1.7 கிலோ. அதில் மக்காச்சோளம் ஒரு கிலோவுக்கு மேல். சோயாப் புண்ணாக்கு அரைக் கிலோவை ஒட்டி. அதாவது, நேராகச் சாப்பிட்டால் 200 கிராமில் முடிவதற்குக் கோழியின் வழியே இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சோயாவும், போதாததற்கு ஒரு கிலோ மக்காச்சோளமும் செலவாகின்றன.

மீதி எங்கே போயிற்று? கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை. இரவும் பகலும் அணையாத அடுப்பு அது. அந்த அடுப்புக்கு எரிபொருளாகவும், இறகாகவும், எலும்பாகவும், எருவாகவும் போயிற்று. எரு வயலுக்கு உதவுகிறது என்பது உண்மை. வெப்பமோ திரும்பி வராது.

நிலம், நீர், உரம், டீசல் ஆகிய அனைத்தையும் இக்கணக்கு பின்தொடர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசஃப் பூர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் நெமெசெக் ஆகிய இருவரும் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் பசுங்குடில் வாயுக்கள், உலகச் சராசரியாக, கோழிக்கு 5.7 கிலோ, சோயாவிலிருந்து செய்யும் டோஃபுவுக்கு 2 கிலோ, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு 50 கிலோ.

ஆயினும் சராசரிகள் நம் ஊரை முழுமையாகக் காட்டுவதில்லை. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்ந்து நிற்கும். நெல்லோ சோளமோ நன்கு விளையாத அந்நிலத்தில் மேயும் ஆடு, மனிதன் தின்ன முடியாத புல்லைத்தான் உணவாக மாற்றுகிறது. அதன் தட்டிலிருந்து நாம் பறித்துக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் அது வயிற்றிலிருந்து மீத்தேன் வாயுவை விடுகிறது என்பதையும் மறைக்கலாகாது. தீவனத்தொட்டியில் வளரும் கோழிக்குச் சொல்லும் வாதம் வேறு. கொறங்காட்டு ஆட்டுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

இப்போது பட்டாணிப் புரதத்திலும் சோயாவிலும் அசல் இறைச்சியைப் போன்றே சுவையும் நிறமும் கொண்ட பண்டங்கள் அமெரிக்காவிலிருந்து பெயர் பெற்றிருக்கின்றன. உதய்பூரிலும் 2016 முதல் ஒரு நிறுவனம் அவ்வகை உணவைச் செய்துவருகிறது. இது ஏதோ முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு என்று விளம்பரங்கள் பேசும்போது, எனக்கு விடுதிக் குழம்புதான் நினைவுக்கு வரும். சோயாவில் மிகுதியாக உள்ள லைசீன் அரிசியில் குறைவு. அரிசியில் உள்ள மெதியோனின் சோயாவில் குறைவு. சோற்றோடு அந்தக் குழம்பைப் பிசைந்தால் குறை நிரம்பிவிடுகிறது.

இவ்வளவையும் அடுத்த வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கேள்வி கேட்ட அதே மாணவன் மறுபடி எழுந்தான். “சார், கணக்கு சரி. ஆனால் மெஸ்ஸில் அதைப் பிழியாமல் போடுகிறார்கள். பச்சை வாடை அடிக்கிறது.” அன்று மாலை நானும் சமையல்காரரும் வெந்நீரில் ஊறவைத்து, இருமுறை பிழிந்து, மசாலாவில் புரட்டிப் பார்த்தோம். அடுத்த புதன்கிழமை குழம்பு மிச்சமாகவில்லை.