கிருமியா, நஞ்சா? வீட்டு மதுவும் வங்கத்து நோய் அச்சமும்

இன்று சால்ட் லேக் எனப்படும் விதான்நகர், 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி மேடாக்கப்பட்ட சதுப்பு நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய மருத்துவர்கள் கல்கத்தாவின் காய்ச்சல்களுக்குக் கிழக்கிலிருந்த இந்த உவர் ஏரிகளின் நச்சுக்காற்றே காரணம் என நம்பினர். 1884இல் ராபர்ட் காக் அந்நகரின் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டபின், பழி காற்றிலிருந்து நீருக்கு மாறியது.

வீட்டில் வடிக்கும் மது நோய் பரப்பும் என்ற அச்சத்தை இப்பின்னணியில் வைத்து ஆராய வேண்டும். சந்தாலர்களின் ஹாரியா, சோற்றை ஆறவைத்து, மூலிகை வேர்கள் சேர்ந்த 'பாக்கர்' உருண்டையைக் கலந்து, பானையில் சில நாள் புளிக்கவைத்துப் பெறுவது. வேகவைத்தல் கிருமிகளைக் கொல்கிறது. பின்னர் உருவாகும் அமிலமும் மதுசாரமும் பெரும்பாலான நோய்க்கிருமிகளை வளரவிடுவதில்லை. பானை தூய்மையற்றதாயின் மது கெடும், பூஞ்சை படரும். அதைக் கொட்டிவிட வேண்டும். ஆயினும் அது கொள்ளைநோயன்று. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த பீர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் கடும் நோயின்றித் தப்பினர் என ஜான் ஸ்நோ பதிவுசெய்தார். அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது. தெருக்குழாய் நீர் தேவைப்படவில்லை.

மதுவால் நேர்ந்த பெருஞ்சாவுகளின் வரலாறு வேறு. 1900இல் மான்செஸ்டர் வட்டாரத்தில் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். குடிப்பழக்கமே காரணம் என மருத்துவர்கள் முதலில் கருதினர். உண்மையில், பீருக்கான சர்க்கரை தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலத்தில் ஆர்சனிக் கலந்திருந்தது. 2011 டிசம்பரில் தெற்கு 24 பர்கனா மாவட்டத்துச் சங்கிராம்பூரில் 170க்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படுகிறது. தானியம் புளிப்பதால் இந்த அளவு மெத்தனால் உண்டாவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு.

எனவே ஹாரியாப் பானையையும் கள்ளச்சாராய உறையையும் ஒரே சொல்லால் குறிப்பது வரலாற்றுப் பிழை மட்டுமன்று. வடிப்பவரே குடிக்கும் மதுவில் அவரது நாவே காவல். வாங்கிக் குடிப்பவனுக்கு அக்காவல் இல்லை. அந்த இடைவெளியில்தான் நஞ்சு நுழைகிறது. பழியைக் குடித்தவனின் பழக்கத்தின்மீது சுமத்தும்போது, மெத்தனால் எந்தக் கிடங்கிலிருந்து கசிந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது. மது வரலாற்றை ஆராயும் மாணவர்கள் முதலில் கேட்கவேண்டியது அக்கேள்வியே.