விண்ணுக்குப் போனவர் மறுபடி வேலைக்குப் போனார்

ராகேஷ் சர்மா என்றால் 1984 ஏப்ரல் 3இல் சோயுஸ் டி-11 ஏறி சல்யூத்-7 நிலையத்துக்குப் போனவர் என்று நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அங்கே அவர் இருந்தது எட்டு நாளுக்கும் குறைவு. மீதிக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

1949இல் பாட்டியாலாவில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். 1970இல் விமானப்படையில் சேர்ந்தார். மறு வருஷமே போரில் மிக்-21 ஓட்டினார். 1982இல் விண்பயணத்துக்குத் தேர்வாகி, மாஸ்கோ அருகே ரஷ்ய மொழி கற்றுப் பயிற்சி எடுத்தார். அதே பயிற்சியை முடித்த ரவீஷ் மல்ஹோத்ரா, மாற்று வீரராகத் தரையிலேயே நின்றார். இருந்த இடம் ஒன்றுதான்.

திரும்பியவர் மாலை, மேடை என்று உட்கார்ந்துவிடவில்லை. 1987இல் எச்.ஏ.எல். நிறுவனத்தில் சேர்ந்து மறுபடி சோதனை விமானியானார். பின்னாளில் நம் குன்னூரில் குடியேறினார். புகழ் எட்டு நாள் வரவு, தொழில்தான் முதல். நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.