கிராஞ்சியில் பொறித்த பெயர்கள்

கிராஞ்சி நினைவுச் சின்னத்தில், கல்லறையின்றி மாண்ட 24,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் இந்தியச் சிப்பாய்கள் பலர். இவர்களை யுத்தத்தில் இறக்கியவர் யார்? 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைசிராய் லின்லித்கோ பிரபு, சட்டசபையையோ மாகாண மந்திரிகளையோ ஒரு வார்த்தை கேளாமல், இந்தியா யுத்தத்தில் இறங்கிவிட்டதெனப் பிரகடனஞ் செய்தார். காங்கிரஸ் மந்திரி சபைகள் அதனைக் கண்டித்துப் பதவி துறந்தன. வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளஞ் சேர்ந்தவனுக்கு அவ்வழியும் இல்லை.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. இரு நாள் கழித்து, தேக்காவை அடுத்த பாரர் பார்க் மைதானத்தில், ஏறத்தாழ 40,000 இந்தியச் சிப்பாய்களை ஓர் ஆங்கில அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். சந்தையில் மாடு கைமாறுவதும் இப்படித்தான்! பலர் பின்னர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். மன்னருக்கெதிராகப் போர் புரிந்தார்களென்று அவ்விராணுவத்து அதிகாரிகள் மூவரை 1945-ல் செங்கோட்டையில் விசாரித்த அரசாங்கம், மக்கள் கொதிப்பைக் கண்டு, 1946 ஜனவரியில் அவர்களை விடுதலை செய்தது.