70 ஒபியூக்கி கோள்

ஒபியூக்கஸ் விண்மீன் குழுவில் உள்ள 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனைச் சுற்றுவதாக 1855இல் சென்னை வானாய்வகத்திலிருந்து அறிவிக்கப்பட்ட கோள். அப்படியொரு கோள் இருப்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், சூரியனல்லாத வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டென்று அளவீடுகளைக் கொண்டு வாதிட்ட முதல் கூற்றாக வானியல் வரலாற்றாளர் பலர் இதைக் கொள்கின்றனர். சிரியஸ், புரோசியான் ஆகியவற்றுக்குப் புலப்படாத துணைகள் உண்டென்று 1844இலேயே பெசல் கணித்திருந்தார். ஆனால் அவை கோள்களல்ல, வெள்ளைக் குறுமீன்கள் என்று பின்னர் தெரிந்தது.

70 ஒபியூக்கி ஏறத்தாழ 16.7 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இரு உறுப்புகளும் சூரியனைவிடச் சற்றுச் சிறிய, செம்மஞ்சள் நிற விண்மீன்கள். ஒன்றையொன்று சுற்றிவர அவற்றுக்கு 88 ஆண்டுக்குச் சற்று மேலாகிறது. வில்லியம் ஹெர்ஷல் 1779இல் இதை இரட்டையென்று கண்டார்.

வானில் இதைத் தேடுவோர் கேட்டைக்கு வடகிழக்கே, திருவோணத்துக்கு மேற்கே பார்க்க வேண்டும். ஆனி மாதத்தில் நள்ளிரவை ஒட்டி உச்சிவட்டத்தைக் கடக்கும். விளக்கொளி குறைந்த இடமானால், காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையின் பாலாற்றங்கரையிலிருந்துகூட வெறுங்கண்ணால் காணலாம். அப்போது அது தலைக்கு நேர்மேலிருந்து தெற்கே பத்துப் பாகை மட்டுமே சரிந்திருக்கும். சென்னையின் நிலையும் அதுவே. கிரீனிச்சிலோ அது அடிவானிலிருந்து 41 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. சாய்வாகப் பார்க்கையில் காற்றின் கலக்கம் கூடுதலாக இடையில் நிற்கும். இரட்டை விண்மீன்களின் நுண்ணிய இடைவெளியை அளப்பவருக்கு அது பெருந்தடை. இந்த விண்மீனைப் பொறுத்தவரை சென்னைக்கு இயற்கையே அளித்த வாய்ப்பு இது.

சென்னை வானாய்வகம், வில்லியம் பெட்ரி எழும்பூரில் 1786இல் அமைத்த தனியார் ஆய்வகத்திலிருந்து வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டபின் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு, நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது.

1848 இறுதியில் இந்த வானாய்வகத்தின் பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் (1813–1862) பம்பாய்ப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். அதற்கு முன்பே புனாவில் சொந்தக் கருவி வைத்து 244 இரட்டை விண்மீன்களின் பட்டியலைத் தொகுத்திருந்தார். சென்னையில் 1850இல் நிறுவப்பட்ட 6.3 அங்குல லெரபூர் தொலைநோக்கி அவருக்குக் கிடைத்தது. சனியின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதை 1852இல், லாசெல் கண்ட ஏறக்குறைய அதே வேளையில், அவரும் கண்டார்.

1855இல் இராயல் வானியல் கழகத்தின் மாத அறிக்கையில் 70 ஒபியூக்கியின் முரண்பாடுகள் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. பல்லாண்டுகளாகத் திரண்டிருந்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்தச் சுற்றுப்பாதையை வகுத்தாலும் துணை விண்மீன் கணித்த இடத்திலிருந்து சற்றே விலகி நின்றது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோள் அதை இழுப்பதாகக் கொண்டால் இந்த விலகல் விளங்கும் என்றார். யுரேனஸின் தடுமாற்றத்தைக் கொண்டே நெப்டியூனைக் கண்டுபிடித்து அப்போது ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகையால் இது கற்பனைப் பேச்சல்ல, அன்றைய வானியலின் நேர்வழி. ஜேக்கப் கோளைக் கண்டதாகச் சொல்லவில்லை. சான்று ஓரளவு உண்டு, மிகவும் சாத்தியம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். பின்வந்தவர்கள் சிலரிடம் இந்த நிதானம் இருக்கவில்லை என்பதால் இதைக் குறிப்பிடுவது தகும்.

புனா மலைப்பகுதியில் உயரமான இடத்தில் வானாய்வகம் அமைக்க 1862இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1,000 பவுன் ஒதுக்கியது. தாமே வாங்கிய ஒன்பது அங்குலக் கருவியைப் பயன்படுத்தும் திட்டத்துடன் ஜேக்கப் ஆகஸ்ட் 8இல் பம்பாயில் இறங்கி, 16இல் புனாவில் காலமானார்.



1896இல் அமெரிக்கரான டி. ஜே. ஜே. சீ, இதே இரட்டையில் 36 ஆண்டுக் காலத்தில் சுற்றும் இருண்ட பொருள் உண்டென்று உறுதியாக எழுதினார். அத்தகைய மும்மீன் அமைப்பு நிலைத்து நிற்காது என்று 1899இல் எஃப். ஆர். மோல்டன் காட்டினார். 1943இல் ராய்லும் ஹோம்பர்கும் நிழற்படத் தட்டுகளை அளந்து மீண்டும் ஒரு கோளை முன்வைத்தனர். ஹைன்ட்ஸ் 1988இல் ஆராய்ந்தபோது அது உறுதிப்படவில்லை. ஜேக்கப் கண்ட விலகலுக்குக் காரணம் அளவீட்டுப் பிழைகளே என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. அப்பிழைகள் யாருடையவை, எந்த ஆண்டுகளுக்குரியவை என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஹெர்ஷல் காலம் முதல் கணக்கிட்டாலும் 1855இல் ஒரு முழுச் சுற்றுகூட நிறைவாகியிருக்கவில்லை.

சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் கோள் 1995இல்தான் (51 பெகாசி பி) முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் மெக்டொனால்டு வானாய்வகக் குழு 70 ஒபியூக்கியையும், விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும் வேகத்தை அளக்கும் ஆரத்திசைவேக முறையில் சோதித்து, 2006இல் எல்லைகளை வெளியிட்டது. வியாழனின் நிறையில் 0.46 முதல் 12.8 மடங்கு வரையிலான கோள்களை, 0.05 முதல் 5.2 வானியல் அலகு வரையிலான தொலைவுகளில் தேடிய அந்த ஆய்வில் எதுவும் அகப்படவில்லை. கீழெல்லையான 0.46 வியாழ நிறை என்பது ஏறத்தாழ 146 புவி நிறை. குறு நெப்டியூன்கள், அதாவது புவியைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு விட்டம் கொண்ட கோள்கள், இதைவிட மிகச் சிறியவை. அவை விண்மீனை அசைக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான், மனிதர் நடக்கும் வேகம். 2009இல் ஏவப்பட்ட கெப்லர் விண்கலத்தின் தரவுகள், நம் சூரியக் குடும்பத்தில் இல்லாத இவ்வகையே விண்மீன்களிடையே மிகப் பரவலானவற்றுள் ஒன்று என்று காட்டின. ஆகவே 70 ஒபியூக்கிக்குப் பெருங்கோள் இல்லை என்று ஓரளவு சொல்லலாமே தவிர, கோளே இல்லை என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல இயலாது.

ஜேக்கப்பின் கோள் மெய்ப்பிக்கப்படாவிட்டாலும், இந்தியாவிலிருந்து செய்த அளவீட்டால் நிறை கண்டறியப்பட்ட கே2-236 பி என்ற கோளை அபு மலையின் 1.2 மீட்டர் தொலைநோக்கியும் பாரஸ் நிறமாலைமானியும் கொண்டு இயற்பியல் ஆய்வுக்கூடம் 2018இல் அறிவித்தது. சுமார் 27 புவி நிறையும் ஆறு புவி ஆரமும் கொண்ட அது நெப்டியூனைவிடப் பெரியது, சனியைவிடச் சிறியது. சூரியனை ஒத்த தன் விண்மீனை 19.5 நாளில் சுற்றுகிறது.